மீதமிருந்த 24 நிமிடம்

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் 2023 மார்ச் 4 காலை செய்தித்தாளை யாரும் கையில் எடுக்கவில்லை. ஒரே ஒரு கைபேசியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முந்தைய இரவு பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த சில விநாடிகளைக் கடைக்காரர் ஓட்டுவதும் நிறுத்துவதும் பின்னுக்கு இழுப்பதுமாக இருந்தார். அவர் விரல் பட்ட இடமெல்லாம் திரையில் பால் பிசுக்கு. சுனில் சேத்ரியின் கால் பந்தைத் தொடுகிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்க ஊர்க்காரர் செஞ்ச வேலையப் பாத்தீங்களா?"

உங்க ஊர்க்காரர் என்று அவர் சொன்னது நடுவர் கிறிஸ்டல் ஜானை. ஜான் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அந்தக் கூட்டத்தில் தமிழன் நான் ஒருவன். எனக்கும் அன்று கோபம்தான். என் வீட்டுக் கொடியிலும் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பதில் ஏதும் சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஒரு அணி தோற்றால் யாரைக் குற்றம் சொல்வது? கோபத்தில் சொல்வது வேறு. சாட்சியங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொருவர் பங்கையும் எடை போட்டு, கடைசியில் ஒரு பெயரைச் சொல்வது வேறு. அந்த இரண்டாவது வேலையை அன்று திருவனந்தபுரத்தில் யாரும் செய்யவில்லை. கொச்சியிலும் செய்யவில்லை. இங்கே அதைச் செய்து பார்க்கிறேன்.

நடந்தது இதுதான். ஐ.எஸ்.எல். கால்பந்தின் 2022-23 சீசனில் பெங்களூருக்கும் பிளாஸ்டர்ஸுக்கும் நாக்அவுட் ஆட்டம். தோற்றவர் வெளியே, வென்றவர் அரையிறுதிக்கு. 90 நிமிடமும் கோல் இல்லை. கூடுதல் நேரம் தொடங்கி ஆறு நிமிடம் ஆகியிருக்கும்போது பிளாஸ்டர்ஸின் பெனால்டி பாக்ஸுக்குச் சற்று வெளியே பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக். கோல்கீப்பர் பிரப்சுகன் கில் தடுப்புச் சுவரை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். விசில் ஊதவில்லை. சேத்ரி பந்தை மெல்ல உயர்த்தி வலைக்குள் போட்டார். நடுவர் கோல் என்றார். பிளாஸ்டர்ஸ் வீரர்கள் அவரைச் சூழ்ந்து கத்தினார்கள். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, தம் வீரர்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார். காத்திருந்து பார்த்துவிட்டு ஆட்டம் முடிந்ததாக அறிவித்தார்கள். பெங்களூரு அரையிறுதிக்குப் போனது.

முதலில் சேத்ரி. அன்று இரவு கேரளம் முழுக்க அதிகம் திட்டு வாங்கியவர் அவர்தான். எனக்கு அது தனியாக வலித்தது, காரணம் எங்கள் நகரத்தின் காரியவட்டம் மைதானம். 2016 ஜனவரி 3 அன்று அங்கே தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம். 70-வது நிமிடத்தில் ஆப்கானிஸ்தான் கோல் போட்டது. இரண்டே நிமிடத்தில் இந்தியாவின் ஜெஜெ சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 101-வது நிமிடத்தில், சேத்ரி வெற்றி கோல் போட்டார். கேலரியில் எனக்குப் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்று இந்த நகரம் யார் பெயரைத் தொண்டை கிழியச் சொல்லிக் கூவியதோ, ஏழு ஆண்டு கழித்து அதே பெயரை ஏசியது. அன்றும் கூடுதல் நேரம், இன்றும் கூடுதல் நேரம். எதிரணி விழிப்பில்லாமல் இருக்கும் ஒரு நொடிக்காகக் காத்திருப்பதுதான் சேத்ரியின் தொழில். ஆப்கானிஸ்தானுக்கு எதிராக அது சாமர்த்தியம், நமக்கு எதிராக என்றால் சதி என்று சொல்ல முடியாது.

சட்டமும் அவர் பக்கம்தான் சாய்கிறது. இந்த இடத்தில் நம் ஊர் ரசிகர்களில் பெரும்பாலோர் ஒன்றைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். ஃப்ரீ கிக் என்றால் முதலில் சுவர் எழுப்ப வேண்டும், பிறகு நடுவர் விசில் ஊத வேண்டும், பிறகுதான் அடிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தொலைக்காட்சியில் அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆட்டச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஃப்ரீ கிக் என்பது தவறுக்கு ஆளான அணிக்குக் கிடைக்கும் ஈடு. அதை உடனே அடிக்கும் உரிமை அந்த அணியுடையது. எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்பது அவர்கள் கடமை. சுவர் எழுப்ப நேரம் கேட்பது அவர்கள் உரிமை அல்ல. அடிக்கிறவர் "இவர்களைத் தள்ளி நிறுத்துங்கள்" என்று கேட்டு, நடுவர் தூரத்தை அளந்து நிறுத்தத் தொடங்கினால் விசில் கட்டாயம். அப்படிக் கேட்காதவரை பந்து எந்த நொடியும் நகரலாம்.

சேத்ரி ஆட்டத்துக்குப் பிறகு சொன்னது, தமக்கு விசிலும் வேண்டாம் சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொன்னதாகவும், நடுவர் உறுதிதானா என்று கேட்டதாகவும். பக்கத்தில் நின்ற பிளாஸ்டர்ஸ் வீரர் அட்ரியன் லூனாவுக்கு அது கேட்டது என்றும், அதனால்தான் அவர் முதல் முயற்சியை மறித்தார் என்றும் சொன்னார். இது ஒரு தரப்பு வாதம்தான், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் ஒரு பகுதி படத்திலேயே இருக்கிறது: லூனா பந்தருகே நின்றார், பிறகு விலகினார். இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் சேத்ரியைக் குற்றம் சொல்ல இடமில்லை. அறம் என்று சிலர் பேசினார்கள். அவருடைய மூப்புக்கு இப்படி அடித்திருக்கலாமா என்றார்கள். மூத்தவர் என்பதால் சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற அறத்தை நாம் நம் அணியின் மூத்த வீரரிடம் ஒருபோதும் கேட்டிருக்க மாட்டோம்.

நடுவரின் வழக்கு இவ்வளவு எளிதல்ல. பிளாஸ்டர்ஸ் தரப்பின் வாதத்தில் வலு இருக்கிறது. ஃப்ரீ கிக் கொடுத்து நேரம் கழிந்துவிட்டது, இரு அணியினரும் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள், கோல்கீப்பர் சுவரைக் கட்டிக்கொண்டிருந்தார். இந்த நிலையில் அடித்ததை எப்படி விரைவான ஃப்ரீ கிக் என்பது என்று கேட்டார்கள். என் பதில்: விரைவு என்பது கடிகாரக் கணக்கல்ல. நடுவர் குறுக்கிட்டாரா இல்லையா என்பதுதான் அளவுகோல். அவர் தூரம் அளந்து சுவரை நகர்த்தத் தொடங்கியிருந்தால் ஐந்து விநாடி ஆனாலும் விசில் வேண்டும். தொடங்கவில்லை என்றால் அரை நிமிடம் ஆனாலும் வேண்டாம். ஆனால் அவர் தொடங்கினாரா இல்லையா என்பது 22 பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாக்அவுட் ஆட்டம், கூடுதல் நேரம், இரைச்சலில் காது அடைக்கும் மைதானம். அங்கே நடுவரின் கை ஒரு சைகை காட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. ஒரு தரப்பிடம் வாயால் பேசி முடித்துக்கொண்ட ஏற்பாடு மறு தரப்புக்குத் தெரியாமல் போனால், அது சட்டப்படி சரியாக இருக்கலாம். நல்ல நடுவர்பணி என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. இதைத்தான் அந்தக் காலை ஸ்ரீகாரியத்தில் சொல்லியிருக்க வேண்டும், அப்போது எனக்குத் தோன்றவில்லை. சேத்ரி சொன்னபடி லூனா முதல் முயற்சியை வேண்டுமென்றே மறித்திருந்தால், அதற்குச் சட்டத்தில் மஞ்சள் அட்டை இருக்கிறது. அட்டை காட்டியபின் ஆட்டத்தைத் தொடங்க விசில் கட்டாயம். அதாவது, நடுவர் அந்த நொடியில் பிளாஸ்டர்ஸ்மீது கண்டிப்பாக நடந்திருந்தால், லூனாவுக்கு ஒரு மஞ்சள் அட்டை காட்டியிருந்தால், விசில் இல்லாமல் அந்தக் கோல் விழுந்திருக்க வழியே இல்லை. கில் தன் இடத்துக்குப் போயிருப்பார். நடுவர் நமக்கு எதிராக ஓரவஞ்சனை செய்தார் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? அவருடைய பிழை, இருந்தால், தளர்வு. பகை அல்ல. தமிழ்நாட்டுக்காரர் என்பதால் செய்தார் என்ற பேச்சை இதற்குமேல் நான் தொடப்போவதில்லை. பெங்களூரு தமிழ்நாட்டில் இல்லை என்பதையாவது அந்தப் பேச்சைப் பேசியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

வி.ஏ.ஆர். என்ற காணொளி உதவி நடுவர் இருந்திருந்தால் என்ற பேச்சும் அப்போது பெரிதாக எழுந்தது. கோலுக்கு முன்னால் தாக்கும் அணி தவறிழைத்ததா, ஆஃப்சைடா, கையில் பட்டதா என்று பார்ப்பதற்காக உண்டான ஏற்பாடு அது. பக்கத்தில் நின்ற நடுவரே பார்த்து அனுமதித்த ஒரு ஃப்ரீ கிக்கை அது மாற்றியிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை. வி.ஏ.ஆர். வர வேண்டும், சந்தேகமில்லை. இந்த வழக்கில் மட்டும் அது சாட்சி அல்ல.

இனி வீரர்கள். கேரளத்தின் தென்கோடியில் பொழியூர் இருக்கிறது. அதைத் தாண்டி நடந்தால் நீரோடி, தமிழ்நாடு. 2018-இல் சந்தோஷ் டிராபி வென்ற கேரள அணியில் ஆடிய சீசன் என்ற வீரர் அந்தக் கரையின் பிள்ளை. அங்கே மணலில் பையன்கள் ஆடுவதைப் பார்க்க எப்போதாவது போவேன். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் புரளும் ஊர். ஒருமுறை, காலை இடறிவிட்டதற்காக ஒரு பக்கத்துக்கு ஃப்ரீ கிக். இடறிய பையன் திரும்பி நின்று தன் கூட்டாளிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். விழுந்தவன் எழுந்தான், மணலைக்கூடத் தட்டவில்லை, பந்தை அடித்தான். இரண்டு செருப்புகளுக்கு நடுவே கோல். சண்டை போட்டவன் அழாத குறையாக "சொல்லாம அடிச்சான்" என்று கத்தினான். வலை சீர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்: "பந்து கெடக்கும்போ முதுகக் காட்டுவியாலே?"

லூனா முதுகு காட்டினார். பிளாஸ்டர்ஸின் அந்த சீசனின் உயிர்நாடி அவர். அவரைவிட உழைத்தவர் அந்த அணியில் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் பந்தின்மேல் நின்றவர், விசிலுக்கு நடுவரிடம் உறுதி வாங்காமல் நகர்ந்தார். முதல் முயற்சியை மறித்தவருக்கு இரண்டாவது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். கில் இளைஞர், சுவரைப் பார்த்த கண்ணைப் பந்தின்மேல் வைத்திருக்க வேண்டும். சுவரைக் கட்டும்போது பந்தருகே ஒருவனை நிறுத்துவது எந்தப் பயிற்சி முகாமிலும் முதல் வாரத்தில் சொல்லித்தருவது. அந்தக் கோலுக்கு நான் எடை போட்டால் பெரும்பங்கு பிளாஸ்டர்ஸ் தற்காப்பின் மேல் விழுகிறது, சிறுபங்கு நடுவர் மேல். சேத்ரி மேல் எதுவுமில்லை.

கோலுக்குத்தான் இந்தக் கணக்கு. தோல்விக்கு அல்ல. அன்று எல்லோரும் கலந்து குழப்பிய இடம் இதுதான். ஒரு கோல் விழுவதும் ஆட்டம் தோற்பதும் ஒன்றென்றே பேசினார்கள். கோல் விழுந்தபோது கூடுதல் நேரத்தில் ஏறத்தாழ 24 நிமிடம் மீதமிருந்தது. களத்தில் 11 பேர் இருந்தார்கள். யாருக்கும் சிவப்பு அட்டை இல்லை. எதிரணியும் 96 நிமிடம் ஓடிக் களைத்த அணிதான். ஒரு கோல் பின்தங்கியிருப்பது தோல்வி அல்ல. அதைத் தோல்வியாக மாற்றியது, பயிற்சியாளர் கையசைத்து வீரர்களை வெளியே அழைத்த செயல்.

இந்த இடத்தில் எழுதக் கை தயங்குகிறது. இவான் வுகோமனோவிச்சைப் போல கேரளம் நேசித்த பயிற்சியாளர் வேறொருவர் இல்லை. 2021-இல் வந்தார். சீசனுக்குச் சீசன் சரிந்துகிடந்த அணியை முதல் ஆண்டிலேயே இறுதிக்குக் கொண்டுபோனார். 2022 மார்ச் 20, கோவாவின் ஃபட்டோர்டா; ஹைதராபாதிடம் பெனால்டியில் தோற்றார்கள். அதற்காக யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஆசான் என்று கூப்பிட்டார்கள். களரியும் கதகளியும் சொல்லித்தருகிறவரை அழைக்கும் சொல் அது; சும்மா வந்துவிடாது. பெங்களூரிலிருந்து அணி கொச்சியில் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் வெற்றிவீரர்களுக்குக் கொடுக்கும் வரவேற்பைக் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்து நானும் நெகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. அநியாயத்துக்கு முன்னால் ஆடமாட்டேன் என்று சொன்ன மனிதராக அவர் அன்று தெரிந்தார்.

அவருக்காக வாதாடுகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை முழுமையாக வைத்துப் பார்க்கிறேன். நடுவர்கள்மேல் அவருக்கு முன்பே குறை இருந்தது. பேசிப் பார்த்தார், பயனில்லை. ஓர் அணி களத்தை விட்டு வெளியேறினால்தான் இந்தியக் கால்பந்து நிர்வாகம் திரும்பிப் பார்க்கும். அவர் தம் வீரர்களின் பக்கம் நின்றார். மூன்றும் உண்மையாகவே இருக்கட்டும். ஆனாலும் முதல் வாதம் கோபத்துக்குக் காரணம் சொல்கிறது, முடிவுக்குச் சொல்லவில்லை. இரண்டாவது, அந்த இரவு அவர் திட்டமிட்டுச் செய்த போராட்டம் என்று வைத்துக்கொண்டால்தான் நிற்கும். ஏப்ரல் தொடக்கத்தில் அவர் கேட்ட மன்னிப்பு அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. வீரர்களின் பக்கம் நிற்பது என்றால் என்ன? ஏமாற்றப்பட்டோம் என்று கொதிக்கிற பிள்ளைகளிடம் "சரி, இன்னும் நேரம் இருக்கிறது, போய்ப் போடுங்கள்" என்று சொல்வதா, அவர்கள் கையிலிருந்த நேரத்தையும் வாங்கிக்கொண்டு போவதா?

எதிர்ப்பைப் பதிவு செய்ய வேறு வழி இருந்தது. ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டு முறையாக மனு கொடுத்திருக்கலாம். கிளப் கொடுக்கவும் கொடுத்தது. ஆட்டத்தைத் திரும்ப நடத்தக் கேட்டது. ஆடி முடித்து அந்த ஒரு கோலால் தோற்றவர்கள் கேட்டிருந்தால் அதற்கு ஒரு கனம் இருந்திருக்கும். விட்டுப்போனவர்கள் கேட்டதால் கேட்ட மாத்திரத்தில் கீழே விழுந்தது. களத்தை விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது இந்தியாவில் தெரியாத விஷயமும் அல்ல. 2012 டிசம்பர் 9, கொல்கத்தா சால்ட் லேக்கில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக இரண்டாம் பாதி ஆட மறுத்தது மோகன் பகான். அங்கே பகான் வீரர் ரஹீம் நபியின் முகத்தில் கல் பட்டு ரத்தம் வந்திருந்தது. காரணம் இதைவிடப் பெரியது. அப்படியிருந்தும் ஐ-லீகிலிருந்து தடை, பிறகு தடையை நீக்கி 2 கோடி ரூபாய் அபராதம், அதுவரை சேர்த்த புள்ளிகள் எல்லாம் பறிபோயின. ரத்தத்துக்கே விலக்கு கிடைக்காத நாட்டில் விசிலுக்குக் கிடைக்கும் என்று யார் நினைத்திருக்க முடியும்?

வெளிநாட்டில் இதேபோல் இரண்டு ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 12, லண்டன் ஹைபரி மைதானம். செல்சி கோல்கீப்பர் பெட்ர் செக் சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போது ஆர்சனலின் தியரி ஆன்றி ஃப்ரீ கிக்கை அடித்து கோல் போட்டார். நடுவர் கிரஹாம் போல் அனுமதித்தார். அப்படியே நம் கதை. செல்சி பயிற்சியாளர் மொரின்யோ கொதித்தார், ஆனால் அணி களத்தில் இருந்தது. இடைவேளை முடிந்த கையோடு குட்யோன்சன் சமன் செய்தார், ஆட்டம் 2-2. அந்த சீசனின் கோப்பையையும் செல்சிதான் வென்றது. மற்றொன்று 2007 பிப்ரவரியில், சாம்பியன்ஸ் லீகில் பிரான்ஸின் லில் அணிக்கும் மான்செஸ்டர் யுனைடெடுக்கும் நடந்தது. கடைசி நேரத்தில் ரயன் கிக்ஸ் இதே மாதிரி விரைவாக அடித்தார். லில் வீரர்கள் கொதித்துப்போய்க் கோட்டோரம் நடந்தார்கள், ஆட்டமே நின்றுவிடும் போலிருந்தது. திரும்பி வந்தார்கள், ஆடினார்கள், 0-1 என்று தோற்றார்கள். இந்த இரண்டாவது உதாரணத்தை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் சொல்வது நேர்மையல்ல. ஆடியவர்கள் எல்லோரும் வெல்வதில்லை. ஆனால் லில் தோற்றது கிக்ஸிடம். பிளாஸ்டர்ஸ் தோற்றது சேத்ரியிடமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாமல் போனதற்கு ஒரே காரணம் அந்தக் கையசைப்பு.

மறுப்பு ஒன்று இருக்கிறது, அதன் கூர்மையை ஒத்துக்கொள்கிறேன். அந்த அணி அன்று 24 நிமிடத்தில் கோல் போட்டிருக்குமா? லீகின் கடைசி ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோற்ற அணி. ஈஸ்ட் பெங்காலிடம் 0-1. சென்னையினை 2-1 என்று கொச்சியில் வென்றார்கள். பெங்களூரிடம் 0-1, ஏ.டி.கே. மோகன் பகானிடம் 1-2, சொந்த மண்ணிலேயே ஹைதராபாதிடம் 0-1. நான்கு தோல்வியில் ஒரே ஒரு கோல். இந்தக் கணக்கைப் பார்த்தால் நம்பிக்கை மெலிந்ததுதான். ஆனால் மெலிந்த நம்பிக்கையை அறுத்தெறியப் பயிற்சியாளருக்கு உரிமை உண்டு என்று இதிலிருந்து வராது. பெங்களூருக்கு மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு இரவுப் பேருந்தில் போனவர்களுக்கும், சீசன் முழுக்க காயத்தோடு ஆடிய வீரர்களுக்கும் அது சொந்தம்.

இந்தக் கணக்கு இன்னொரு பங்கையும் காட்டிவிடுகிறது. பிளாஸ்டர்ஸ் 31 புள்ளியோடு ஐந்தாவது. பெங்களூரு 34 புள்ளியோடு நான்காவது. நான்காவது அணியின் மைதானத்தில் ஐந்தாவது அணி ஒரே ஆட்டம் ஆட வேண்டும் என்பது அந்த சீசன் விதி. சீசனின் முடிவில் பெங்களூரு தொடர்ந்து எட்டு ஆட்டம் வென்று மேலேறி வந்தபோது, பிளாஸ்டர்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஆட்டத்தை வென்றிருந்தால் அந்த நாக்அவுட் கொச்சியில், கலூர் மைதானத்தில், நம் கூட்டத்தின் நடுவே நடந்திருக்கும். பிப்ரவரி மாதத்தின் சரிவுக்கும் பயிற்சியாளரே பொறுப்பு. வீரர் தேர்வு, ஓய்வு, காயம் எல்லாம் சேர்ந்தது அது. நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. அதை விரித்துச் சொல்லத் தனிக் கட்டுரை வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு. கோலுக்கு: பெரும்பங்கு லூனாவும் கில்லும் உள்ளிட்ட தற்காப்பு, சிறுபங்கு நடுவர். தோல்விக்கு: இவான் வுகோமனோவிச், எல்லோரையும்விட அதிகமாக, ஐயத்துக்கு இடமின்றி. நடுவர் ஒரு கோலைக் கொடுத்தார். பயிற்சியாளர் ஆட்டத்தைக் கொடுத்தார்.

இதை அன்றே சொல்லியிருந்தால் துரோகி என்றிருப்பார்கள். மார்ச் 31 அன்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்குக் குழு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும் விதித்தபோது கூட, பேச்சு முழுக்கத் தண்டனை பெரிதா சிறிதா என்பதிலேயே போயிற்று. 4 கோடி அதிகம் என்றே நானும் நினைக்கிறேன். ஆட்டத்தையும் இழந்து, பயிற்சியாளரையும் பத்து ஆட்டத்துக்கு இழந்த அணிக்கு அது மேலதிகச் சுமை. மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஆனால் தண்டனை அதிகம் என்பதால் குற்றம் இல்லை என்று ஆகாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டியதால்தான் ஆசானின் தவற்றை நாம் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. நேசிக்கிறவரிடம் நீர் செய்தது தவறு என்று சொல்ல முடியாத நேசம் அவருக்கும் உதவவில்லை. 2023 அக்டோபர் 27 அன்று, தடை முடிந்து கொச்சியில் ஒடிசாவுக்கு எதிராக அவர் மீண்டும் கோட்டோரம் வந்து நின்றபோது எழுந்த ஆரவாரத்தில் நானும் இருந்தேன். மனம் நிறைந்து கத்தினேன். இந்தத் தீர்ப்போடு அது முரண்படுவதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் என் வழக்குக்கு வேண்டிய கடைசிச் சாட்சி அதற்கு முன்பே, ஏப்ரல் 16 அன்று, கோழிக்கோட்டில் கிடைத்துவிட்டது. சூப்பர் கோப்பை. அதே இரண்டு அணிகள், ஆறு வாரம் கழித்து. வுகோமனோவிச் தடையில் இருந்தார். அணியை நடத்தியவர் அவருடைய உதவியாளர் ஃபிராங்க் டாவன். முதல் பாதியில் ராய் கிருஷ்ணா போட்ட கோலால் பெங்களூரு 1-0. மறுபடியும் அதே எதிரணி, மறுபடியும் ஒரு கோல் பின்தங்கல். ஸ்ரீகாரியத்துக் கடையில் தொலைக்காட்சி வைத்திருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு கடைக்காரர் தேநீர் ஆற்றுவதையே விட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். யாரும் களத்தை விட்டுப் போகவில்லை. இரண்டாம் பாதியில் பிளாஸ்டர்ஸின் தியமந்தகோஸ் சமன் செய்தார்.